பார்சல் சீட்டு பில் ஆகாது

கொட்டாஞ்சேனையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் என்னைத் தேடி வெள்ளவத்தைக்கு வந்தார். கடை சிறியது. ஆனால் ஒன்லைன் விற்பனைத் தளமொன்றிலும் சாமான் போட்டு விற்கிறார். நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் என்பதால் ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

"நானா, ஒரு கொம்பனி 40 மேசை விசிறி கேட்கிறது. விசிறி 8,000 ரூபா என்று போட்டிருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு வற் இன்வொய்ஸ் வேண்டுமாம். எனக்கு வற் இலக்கம் இல்லை. புறக்கோட்டையில் மாமாவின் கடைக்கு இருக்கிறது. அந்த இலக்கத்தைப் போட்டு ஒரு பில் அடித்துக் கொடுத்தால் என்ன?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன். இதே கேள்வி நமது வியாபாரிகள் பலரின் மனதில் இருப்பதால் அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கொம்பனி ஏன் கேட்கிறது?

2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டப்படி, வற் பதிவுள்ள ஒரு நிறுவனம் தான் வாங்கும்போது கொடுத்த வரியை, தான் விற்கும்போது அறவிடும் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் வரி விலைப்பட்டியல் ஒன்றுதான். பார்சலின் மேல் ஒட்டிவரும் சீட்டோ, தளம் அனுப்பும் "உங்கள் ஓடர் கிடைத்தது" என்ற மின்னஞ்சலோ அதற்கு ஈடாகாது. வீட்டுக்கு ஒரு விசிறி வாங்குபவர் இதைக் கேட்கமாட்டார். காரியாலயத்துக்கு 40 வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

2024 ஜனவரி 1 முதல் வற் வீதம் 18 சதவீதம். பதிவுள்ள வேறொரு கடைக்காரர் இதே 40 விசிறிகளை 3,00,000 ரூபாவும் வரி 54,000 ரூபாவும் சேர்த்து 3,54,000 ரூபாவுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமது தம்பியின் விலை 3,20,000 ரூபா. பார்வைக்கு 34,000 ரூபா மலிவு. ஆனால் கொம்பனி அந்த 54,000 ரூபாவைக் கழித்துக்கொள்ளும் என்பதால் அதற்கு மற்றவரின் விசிறி 3,00,000 ரூபாதான். தம்பியிடம் வாங்கினால் 20,000 ரூபா அதிகம். "என் விலை குறைவு, ஆனாலும் ஓடர் வருவதில்லை" என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

"டெக்ஸ் இன்வொய்ஸ்" என்ற சொற்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். விற்பவரின் பெயர், விலாசம், வற் பதிவு இலக்கம். வாங்குபவரின் பெயர், விலாசம், அவரது பதிவு இலக்கம். பில்லின் திகதியும் தொடரிலக்கமும். சாமான் கொடுத்த திகதி, விபரம், அளவு ஆகியவை வேண்டும். வரியில்லாத பெறுமதி, வரி, மொத்தம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பதிவு இலக்கம் பொதுவாக ஒன்பது இலக்க டின் எண்ணும் அதன் பின்னால் 7000 என்பதுமாக வரும். ஒரு விற்பனைக்கு ஒரு மூலப் பில்தான். தொலைந்துவிட்டால் பிரதி என்று குறித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். புத்தகம் அச்சடிக்கும் முன், தற்போதைய படிவம் எது என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொமிஷனில் ஏற்படும் தவறு

டராஸ் 2016இல் இலங்கைக்கு வந்த பிறகு நம்மவர்கள் பலர் இப்படியான தளங்களில் விற்கத் தொடங்கினார்கள். தளம் தன் கொமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கியில் போடும். சிலர் அந்த மீதியையே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. தளம் உங்கள் சாமானை உங்கள் பெயரில் விற்றுக்கொடுக்கும் இடம் மாத்திரமே. வாங்குபவர் கொடுத்த முழு விலைதான் உங்கள் விற்பனை. கொமிஷன் உங்கள் செலவு. 8,000 ரூபா சாமானுக்கு 7,200 கைக்கு வந்தாலும் பில்லிலும் கணக்கிலும் 8,000தான்.

பதிவுக்கான எல்லையைப் பார்க்கும்போதும் முழு விலையைத்தான் கூட்ட வேண்டும். அந்த எல்லையோ மாறிக்கொண்டே வருகிறது. 2020இல் வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாவாக இருந்தது, 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகவும் 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் குறைந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. ஆகவே சென்ற வருடக் கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்தியாவில் தளமே வரியில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டுகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி 2024 ஜூலை முதல் அது அரை சதவீதம். சென்னையிலிருந்து விற்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு, இங்கேயும் தளம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். இங்கே உங்கள் விற்பனைக்கான பில் உங்கள் பொறுப்பு.

மாமாவின் இலக்கம்

பதிவில்லாதவர் வரி விலைப்பட்டியல் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. மாமாவின் இலக்கத்தைப் போட்டால் சாமான் ஒருவருடையது, பில் இன்னொருவருடையது. பரிசோதனை வந்தால் அந்த 54,000 ரூபாவுக்கு மாமா பதில் சொல்ல வேண்டும். கொம்பனியின் கழிவு நிராகரிக்கப்படலாம். அதன் பிறகு அந்தக் கொம்பனி இந்தத் தம்பியின் பக்கம் திரும்புமா? மாமாவே சாமானை எடுத்து, தன் புத்தகத்தில் பதிந்து, தன் கணக்கில் பணம் வாங்கி விற்றால் அது வேறு விடயம். அப்போது அது மாமாவின் வியாபாரம்.

பதிவு செய்வதா, வேண்டாமா?

எல்லைக்குக் கீழே இருப்பவரும் விரும்பினால் பதிவு செய்யலாம். தம்பியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு விசிறியை அவர் வரியோடு 7,080 ரூபாவுக்கு வாங்குகிறார். அதில் வரி 1,080. பதிவில்லாததால் அது அவருக்குத் திரும்பக் கிடைக்காது. கொம்பனிக்கு 7,500 ரூபாவுக்கு இறங்கினால் விசிறிக்கு 420 ரூபாதான் மிஞ்சும். அதிலும் கொமிஷன் போக வேண்டும். பதிவிருந்தால் 7,500 ரூபாவோடு வரியைச் சேர்த்து விற்று, தான் கொடுத்த 1,080 ரூபாவையும் கழித்து, 1,500 ரூபா மிச்சம் பார்த்திருப்பார்.

ஆனால் வீட்டுக்காரருக்கு விற்பதில் கதை மாறுகிறது. 8,000 ரூபா விலையை ஏற்ற முடியாவிட்டால் அதற்குள் 1,220 ரூபா வரி. இப்போது மிஞ்சும் 920 ரூபா, பதிவுக்குப் பின் 780 ரூபாவாகிவிடும். அதோடு காலம் தவறாமல் விபரத்திரட்டும் கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் வாடிக்கையாளர்களில் வற் பதிவுள்ள கொம்பனிகள் எத்தனை, வீட்டுக்காரர்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அதோடு நீங்கள் வாங்கும் மொத்தக் கடையிலும் வரி விலைப்பட்டியல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் உங்களாலும் எதையும் கழிக்க முடியாது.

தம்பி, தனக்குப் பதிவில்லை என்று கொம்பனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். அந்த ஓடர் கைநழுவிப் போனது. அவருக்கு வருத்தம்தான். ஆனால் மறுநாளே ஒரு கொப்பி வாங்கி, கொம்பனி ஓடர்களை ஒரு பக்கமும் வீட்டு ஓடர்களை மறு பக்கமும் எழுதத் தொடங்கியிருக்கிறார். மூன்று மாதம் எழுதிவிட்டு வாருங்கள், பதிவு செய்வதா இல்லையா என்று அப்போது முடிவெடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் நான் சொல்வது அதுவே.