1967 என்று அச்சிட்டிருந்தால் அது 1967 ரெக்கார்டா? ‘ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங்’ தேடலின் கணக்கு

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பம் 1966 ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தில் வெளியானது. அதன் கடைசிப் பாடல் ‘டுமாரோ நெவர் நோஸ்’. சைக்கடெலிக் ராக் என்று இன்று நாம் சொல்லும் இசைக்கு வாசல் திறந்த பாடல்களில் அதுவும் ஒன்று. அந்தப் பாடலின் மோனோ மிக்ஸை மாற்றச் சொல்லி, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடமிருந்து கடைசி நேரத்தில் தகவல் போனது. அதற்குள் ஒரு தொகுதி ரெக்கார்டுகள் பழைய மிக்ஸோடு அச்சாகிவிட்டன. அவை குப்பைக்குப் போகவில்லை. கடைக்குப் போயின.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே அட்டை, அதே மஞ்சள்-கறுப்பு பார்லஃபோன் லேபிள், அதே பிஎம்சி 7009 எண்தான். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, லேபிளுக்கு முன்னால் பாட்டே இல்லாத வளையம் ஒன்று இருக்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எக்ஸ்இஎக்ஸ் 606-1 என்ற பொறிப்பு தெரியும். மற்ற பிரதிகளில் கடைசி எண் 2 அல்லது 3 ஆக இருக்கும். இந்த ஒற்றை இலக்கத்துக்காகத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் டர்ன்டேபிள் வாங்கும் இளைஞர்களிடம் அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் இதுதான்: “ஒரு ஒரிஜினல் வேணும்.” ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் உண்மையிலேயே ஒரிஜினல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் இருக்கும் வருடத்தை நம்பலாமா?

நம்பக் கூடாது. அட்டையிலோ லேபிளிலோ இருக்கும் வருடம், அந்தப் பதிவு முதலில் எப்போது வெளியானது, அதன் உரிமை யாருடையது என்பதைச் சொல்வதற்காகப் போடப்படுவது. உங்கள் கையில் இருக்கும் தட்டு எந்த வருடம் அச்சானது என்பதை அது சொல்லாது. 1967 ஆல்பத்தை 1975இல் மறுபடி அச்சிட்டாலும் அதில் 1967 என்றுதான் இருக்கும். “ஒரிஜினல் 1967” என்று விற்பவர் பொய் சொல்லத் தேவையே இல்லை. அட்டையைப் பார்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான்.

‘ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங்’ என்ற சொல்லும் எந்த ரெக்கார்டிலும் அச்சிடப்பட்டிருக்காது. அது நாம் வந்து சேரும் ஒரு முடிவு. லேபிளின் வடிவம், விளிம்பில் இருக்கும் வாசகம், அட்டையின் மடிப்பு, உள்ளுறை, பொறித்த எண்கள் என ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. எல்லாச் சாட்சிகளும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் நம்பலாம். டேட்டா வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே இதுதான். கிட்டத்தட்ட பழைய அரசு ஆவணங்களைச் சரிபார்ப்பது மாதிரி. என்ன, இங்கே ஆவணம் பாட்டும் பாடும்.

கறுப்புத் தட்டில் இருக்கும் ரகசியக் குறி

ரெக்கார்டு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. டேப்பில் இருக்கும் இசையை முதலில், லாக்கர் பூசிய ஒரு தட்டில் பள்ளமாக வெட்டுவார்கள். அதன் மேல் வெள்ளி பூசி, மின்முலாம் மூலம் உலோகப் படிவம் எடுப்பார்கள். அதிலிருந்து ‘மதர்’, மதரிலிருந்து ‘ஸ்டாம்பர்’. சூடான வினைலை அழுத்தி ரெக்கார்டாக்குவது இந்த ஸ்டாம்பர்தான். ஒரு ஸ்டாம்பர் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் தட்டு வரை தாங்கும், பிறகு தேய்ந்துவிடும். அதனால் நன்றாக விற்கும் ஆல்பத்துக்கு ஸ்டாம்பர்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தின் ஹேய்ஸ் நகரில் இருந்த இஎம்ஐ தொழிற்சாலை இவை எல்லாவற்றையும் தட்டிலேயே குறித்து வைத்தது. லேபிளுக்கு வெளியே இருக்கும் வளையத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 6 மணி இடத்தில் மேட்ரிக்ஸ் எண். 9 மணி இடத்தில் எத்தனையாவது மதர் என்ற எண். 3 மணி இடத்தில் ஸ்டாம்பர், அதுவும் எழுத்துகளில். கிராமஃபோன் கம்பெனி லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கி எடுத்த 10 எழுத்துகள் 10 இலக்கங்களைக் குறிக்கும். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4 என்று அது போகும். 3 மணி இடத்தில் ஆர், ஏ என்று இரண்டு எழுத்து இருந்தால் அது 23ஆவது ஸ்டாம்பர். வெறும் ஜி மட்டும் இருந்தால் முதல் ஸ்டாம்பர்.

நம்ம ஊர் மளிகைக் கடைகளில் கொள்முதல் விலையை எழுத்தில் மறைத்து எழுதுவார்களே, அதே உத்திதான்.

இதை வைத்து “என் பிரதி இத்தனையாவது நாளில் அச்சானது” என்று சொல்பவர்களும் உண்டு. அது அதிகப்படி. ஸ்டாம்பர்களை எண் வரிசைப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே நாளில் பல இயந்திரங்கள் ஓடும். சின்ன எண் என்றால் ஆரம்பகாலப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது வரைதான் சொல்ல முடியும்.

அதேபோல் ‘ரிவால்வர்’ கதையைக் கேட்டுவிட்டு -1 என்றாலே பொக்கிஷம் என்று நினைப்பதும் தவறு. ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ மோனோ பிரதிகளில் எக்ஸ்இஎக்ஸ் 637-1, 638-1 என்ற எண்கள் இருப்பது சாதாரணம். அங்கே மற்ற சாட்சிகளைப் பார்க்க வேண்டும். ‘தி ஃபூல்’ என்ற ஓவியக் குழு வடிவமைத்த சிவப்பு அலை உள்ளுறை இருக்கிறதா? மீசை, பேட்ஜ் எல்லாம் வெட்டி எடுக்கும் அட்டைத்தாள் இருக்கிறதா? லேபிள் மஞ்சள்-கறுப்பா, இல்லை 1969க்குப் பிறகு வந்த வெள்ளி-கறுப்பா?

லேபிள் நிறத்தை வைத்துச் சொல்லும் கணக்குதான் புதியவர்களுக்கு எளிது. பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ 1967 ஆகஸ்டில் கொலம்பியா லேபிளில் வந்தது. முதல் பிரதிகளின் லேபிள் நீலம்-கறுப்பு. வெள்ளி-கறுப்பு லேபிளில், இஎம்ஐ முத்திரைப் பெட்டியோடு இருந்தால் அது பிறகு அச்சானது. வெர்டிகோ நிறுவனத்தின் கறுப்பு-வெள்ளைச் சுழல் லேபிளும் அப்படித்தான். 1969இல் தொடங்கி 1973 வாக்கில் முடிந்து, ரோஜர் டீன் வரைந்த விண்கலம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

ஏன் சைக்கடெலிக் ராக்கில் மட்டும் இவ்வளவு வெறி?

முதல் காரணம், காலம். இந்த இசையின் உச்சம் 1966 முதல் 1969 வரையான மூன்று நான்கு வருடங்கள்தான். சரியாக அந்த நேரத்தில்தான் உலகம் மோனோவிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1967 இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர். அதனால் இசைக்கலைஞர்கள் நேரம் செலவழித்து மெருகேற்றியது மோனோ மிக்ஸை. ஸ்டீரியோ பல நேரம் பிறகு அவசரமாகச் செய்யப்பட்டது. ‘பைப்பர்’ ஆல்பத்தின் மோனோவும் ஸ்டீரியோவும் கேட்டாலே தெரியும் அளவுக்கு வேறுபடும். பிறகு மோனோவைக் கைவிட்டார்கள். ஆக, ஒரிஜினல் தேடுபவர்கள் பலர் உண்மையில் தேடியது, பல வருடம் வேறு எங்கும் கிடைக்காத ஒரு மிக்ஸை.

இரண்டாவது, ஒரே ஆல்பம் நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. அமெரிக்காவில் டவர் லேபிளில் வந்த ‘பைப்பர்’ ஆல்பத்தில் ‘ஆஸ்ட்ரானமி டாமினி’ கிடையாது. அதற்குப் பதில் ‘சீ எமிலி பிளே’ இருந்தது. எது ‘முதல்’ என்று கேட்டால், எந்த நாட்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பொதுவாக அந்தக் குழுவின் சொந்த நாட்டு வெளியீட்டுக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது, உண்மையான பற்றாக்குறை. பீட்டில்ஸ் ரெக்கார்டுகள் லட்சக்கணக்கில் அச்சானவை. நல்ல நிலையில் இருக்கும் பிரதிகள்தான் குறைவு. ஆனால் சொந்தக் காசில் அச்சிட்ட சின்னக் குழுக்களின் கதை வேறு. பிரிட்டனில் அன்று 100 பிரதியைத் தொட்டால் கொள்முதல் வரி கட்ட வேண்டும் என்பதால் 99இல் நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. காம்ப்ளெக்ஸ் என்ற குழு 1971இல் வெளியிட்ட முதல் எல்பி 99 பிரதிகள்தான். ஒரு வரி விதி அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு சந்தையையே உருவாக்கும் என்று அந்த அதிகாரிகள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, கேட்க நல்லா இருக்குமா?

சில நேரம். புதிய டேப்பிலிருந்து, புதிய ஸ்டாம்பரில் அச்சான தட்டு நன்றாக ஒலிக்கக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு அதன் பிறகு 50 வருடம் யார் யார் வீட்டிலோ, கனமான பழைய ஊசிகளின் கீழே ஓடியிருக்கிறது. கீறல் விழுந்த ஒரிஜினலைவிட ஒழுங்காகத் தயாரித்த மறுபதிப்பு மேல். பீட்டில்ஸின் மோனோ ஆல்பங்கள் 2014இல் பழைய டேப்பிலிருந்து, டிஜிட்டல் படியே இல்லாமல், மறுபடி வினைலில் வந்தன. ‘பைப்பர்’ மோனோவும் 2018 ரெக்கார்ட் ஸ்டோர் டே வெளியீடாக வந்தது. இசைதான் வேண்டும் என்றால் பெரும்பாலும் இவையே போதும். ஒரிஜினலுக்குக் கொடுக்கும் மீதிப் பணம் வரலாற்றுக்கு. அதைத் தெரிந்தே கொடுத்தால் பிரச்சினை இல்லை.

விலை: எந்த எண்ணைப் பார்ப்பது?

டிஸ்காக்ஸ் தளம் 2000இல் தொடங்கியது. பயனர்களே சேர்த்த தகவல்களால் வளர்ந்தது. அங்கே ஒரு ஆல்பத்தைத் தேடினால் இரண்டு வகை விலை தெரியும். ஒன்று, இப்போது விற்பனைக்கு இருப்பவற்றின் விலை. இன்னொன்று, ஏற்கெனவே விற்றவற்றின் குறைந்தபட்ச, இடைநிலை, அதிகபட்ச விலை.

முதல் வகையை மறந்துவிடுங்கள். நியாயமான விலைக்கு வைத்தவை சீக்கிரம் விற்றுப்போகும். விற்காமல் தங்குபவை அநியாய விலைக்காரர்களுடையவை. ஆக, நீங்கள் பட்டியலில் பார்ப்பது விற்காதவர்களின் கனவு விலை. விற்ற விலையிலும் ஒரு சிக்கல்: புத்தம் புதிதாக இருந்ததும் தேய்ந்துபோனதும் ஒரே வரிசையில் கலந்திருக்கும். அமெரிக்காவின் கோல்ட்மைன் தர அளவுப்படி, ‘நியர் மிண்ட்’ பிரதியின் விலையில் ‘விஜி பிளஸ்’ சுமார் பாதி, ‘விஜி’ சுமார் கால்வாசி. தரத்தைச் சொல்லாத விலை ஒரு தகவலே இல்லை. அந்தத் தரத்தையும் சொல்வது விற்பவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய எண்கள் செய்தியாகும். நியூயார்க்கில் தெருவோர விற்பனையில் 75 சென்ட்டுக்கு வாங்கிய வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் சோதனைத் தட்டு 2006இல் ஈபேயில் 25,200 டாலருக்குப் போனது. அது ஒரே ஒருமுறை நடப்பது. அதை வைத்து இதை ‘முதலீடு’ என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்கிறார்.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, இன்றைய சரிகமவின் முன்னோடி, வெளிநாட்டு ஆல்பங்களையும் அச்சிட்டது. பிரிட்டன் 78 ஆர்பிஎம் தட்டுகளைக் கைவிட்ட பிறகும் இங்கே பீட்டில்ஸ் பாடல்கள் 78இல் வந்தன. அந்த இந்தியத் தட்டுகளுக்கு உலகச் சந்தையில் தனி மவுசு. ஆனால் இந்தியாவில் அச்சான ‘பெப்பர்’ பிரதி, வளையத்தில் பிரிட்டன் மேட்ரிக்ஸ் எண்ணையே தாங்கியிருந்தாலும், பிரிட்டன் ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங் ஆகாது. லேபிளில் ‘மேட் இன் இந்தியா’ இருக்கிறதா என்று பாருங்கள். மும்பை சோர் பஜாரிலும் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் இதைப் பார்க்க மறந்து அதிகம் கொடுப்பவர்கள் உண்டு.

உண்மையில் நம் நாட்டின் பொக்கிஷம் வேறு. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக, இன்றைய ஐடிசியின் பழைய அவதாரமான இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் நடத்திய இசைப் போட்டியிலிருந்து ‘சிம்லா பீட் 70’, ‘சிம்லா பீட் 71’ என்று இரண்டு எல்பிகள் வந்தன. பல நகரங்களின் கல்லூரிவயதுக் குழுக்கள் அதில் வாசித்தன. மெட்ராஸிலிருந்து ‘தி கன்ஃப்யூஷன்ஸ்’. மும்பையின் ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’ குழுவின் ‘அப்செஷன் 77’ எல்பி 1981இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிறகு அமெரிக்காவின் நவ்-அகெய்ன் லேபிள் தேடிவந்து மறுவெளியீடு செய்தது.

பீட்டில்ஸின் டேப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரு ஒரிஜினல் உடைந்தாலும் இசை எங்கேயும் போகாது. சின்னக் குழுக்களின் டேப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்படிப்பட்ட ஆல்பங்கள் பல, உலகம் முழுக்க, பிழைத்திருக்கும் ஒரு வினைல் பிரதியை ஓடவிட்டு அதிலிருந்து எடுத்த ஒலியில்தான் மறுவெளியீடு காண்கின்றன. அங்கே ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங்தான் ஆவணக் காப்பகம். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருக்கும் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

வாங்கும் முன்

விற்பவரிடம் நான்கு போட்டோ கேளுங்கள்: இரண்டு பக்க லேபிள், இரண்டு பக்க வளையத்தில் இருக்கும் பொறிப்பு. லேபிளின் நடுத்துளையைச் சுற்றிச் சாம்பல் கோடுகள் நிறைய இருந்தால் அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது, “ரெண்டு தடவைதான் போட்டோம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம். அட்டை வேறு பிரதியுடையது, தட்டு வேறு பிரதியுடையது என்று சேர்த்து விற்பதும் நடக்கும். போட்டோ தர மறுப்பவரிடம் மறுபதிப்பு விலைக்கு மேல் பேசாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் குலுங்கி, 50 வருடம் கிழியாத அட்டையின் ஓரத்தை அந்தத் தட்டே கிழித்துவிடும்.