வணிகத்தின் வழியே அமைதி: ஆசிய பசிபிக் தலைவர்களின் கூட்டுறவு

கடல் நாடுகளைப் பிரிக்கின்றதா, இணைக்கின்றதா என்பது பழைய வினா. படைத்தலைவனுக்குக் கடல் அரண். வணிகனுக்கோ அது வழி. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களிலிருந்து பாய்மரமேறி மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் பினாங்குக்கும் சென்ற நம் முன்னோர் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர். வழியில் அமைதி இல்லையேல் சரக்கு கரை சேராது. சரக்கு கரை சேராவிடில் வீட்டில் அடுப்பெரியாது. வணிகமும் பாதுகாப்பும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் என்னும் இவ்வுண்மையை ஆசிய பசிபிக் நாடுகளின் தலைவர்கள் எவ்வாறு உணர்ந்தனர், உணர்ந்தபின் எவ்வளவு தூரம் சென்றனர், எவ்விடத்தில் தயங்கி நின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பகையில் முளைத்த நட்பு

இப்பகுதியின் கூட்டுறவு வரலாறு 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பாங்காக்கில் தொடங்குகிறது எனலாம். அன்று இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பை, அதாவது ஆசியானை, நிறுவின. சிங்கப்பூரின் சார்பில் கையொப்பமிட்ட அயலுறவு அமைச்சர் சி. இராசரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வைந்து நாடுகளும் நெடுநாள் நண்பர்கள் அல்லர். மலேசியா உருவானதை எதிர்த்து 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மோதலில் ஈடுபட்டிருந்தது. சபா மாநிலம் தனக்குரியது என்று பிலிப்பைன்ஸ் வாதிட்டு வந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய ஐவரும் ஒரே மேசையின் முன் அமர்ந்தனர். நட்பு முதிர்ந்தபின் கூடியவர்கள் அல்லர் அவர்கள். கூடிக் கூடியே பகையைத் தேய்த்தவர்கள். பாங்காக் அறிக்கை பொருளாதாரத்தையும் பண்பாட்டையும் முன்னிறுத்திப் பேசிற்று. எனினும் அதன் உள்ளே உறைந்திருந்த வேட்கை போர் தவிர்த்தலே ஆகும்.

பெருங்கடலைச் சூழ்ந்த பேரவை

ஆசியான் தென்கிழக்கு மூலைக்கு மட்டும் உரியது. பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளையும் ஒன்றுசேர்க்கும் எண்ணத்தை 1989ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சியோல் நகரில் ஆஸ்திரேலியத் தலைமையமைச்சர் பாப் ஹாக் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் கான்பெராவில் பன்னிரண்டு நாடுகளின் அமைச்சர்கள் கூடினர். ஆசிய பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு, சுருக்கமாக ஏபெக், என்னும் அமைப்பு பிறந்தது. இன்று அதன் உறுப்பினர் தொகை 21. உலகின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 60 விழுக்காடும் உலக வணிகத்தில் ஏறத்தாழச் சரிபாதியும் இவ்வுறுப்பினர்களுடையவை.

இவ்வமைப்பின் சொல்லாட்சி ஒன்று உற்று நோக்கத்தக்கது. இதன் உறுப்பினர்களை 'நாடுகள்' என்று அழைப்பதில்லை. 'பொருளாதாரங்கள்' என்றே அழைக்கின்றனர். 1991ஆம் ஆண்டு சீனா, ஹாங்காங், 'சீனத் தைப்பே' என்னும் பெயரில் தைவான் ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. தைவானைத் தனிநாடாக ஏற்காத சீனா, தைவானோடு ஒரே அவையில் அமர்வதற்கு அந்த ஒரு சொல் இடமளித்தது. கொடியும் நாட்டுப்பண்ணும் ஒதுங்கி நிற்க, கணக்கேடு முன்வந்தது. சொல்லொன்றைத் தேர்வதிலும் அரசியல் நுண்மை உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முதல் நான்கு ஆண்டுகளும் அமைச்சர்களே கூடிவந்தனர். 1993 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் சியாட்டில் நகரையடுத்த பிளேக் தீவுக்குத் தலைவர்களையே அழைத்தார். மலேசியத் தலைமையமைச்சர் மகாதீர் முகம்மது அதில் கலந்துகொள்ளவில்லை. கிழக்காசிய நாடுகள் தமக்கெனத் தனி அமைப்புக் காணவேண்டும் என்பது அவர் கருத்து. பெரியவர் அழைத்தால் சிறியவர் சென்றே ஆகவேண்டுமோ என்னும் வினா அன்றே எழுந்தது, இன்றும் அடங்கவில்லை.

போகோர் உறுதிமொழி

அடுத்த ஆண்டு, 1994 நவம்பர் 15ஆம் நாள், இந்தோனேசியாவின் போகோர் அரண்மனையில் தலைவர்கள் கூடினர். வளர்ச்சியடைந்த பொருளாதாரங்கள் 2010ஆம் ஆண்டுக்குள்ளும் வளரும் பொருளாதாரங்கள் 2020ஆம் ஆண்டுக்குள்ளும் தடையற்ற வணிகத்தையும் முதலீட்டையும் எய்துதல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட இலக்கு.

இவ்வுறுதிமொழியின் இயல்பை நாம் தெளிவாக அறிதல் நன்று. இது சட்டமன்று, ஒப்பந்தமும் அன்று. மீறுவோரைத் தண்டிக்க நீதிமன்றம் இல்லை. ஒவ்வொருவரும் தாமே முன்வந்து வரிகளைக் குறைத்து, குறைத்ததை அவையில் எடுத்துரைக்க வேண்டும். பிறர் அதனைச் சீர்தூக்குவர். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் அவையில் கொடுத்த வாக்கை மீறக் கூசும் மனமே இதன் காவல்.

பயன் விளைந்ததா? விளைந்தது. 1989ஆம் ஆண்டு சராசரியாக 17 விழுக்காடு அளவில் இருந்த இறக்குமதி வரி, 2021ஆம் ஆண்டில் 5 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றது. ஆயினும் இக்குறைப்பு முழுதும் ஏபெக்கின் கொடை என்றல் பொருந்தாது. உலக வணிக அமைப்பும் இருதரப்பு ஒப்பந்தங்களும் இதில் பங்குடையவை. விருப்பத்தால் மட்டும் எல்லாம் கைகூடுவதில்லை என்பதையும் ஏபெக் விரைவிலேயே கற்றது. குறிப்பிட்ட துறைகளில் முந்திக்கொண்டு வரி குறைக்கும் திட்டம் 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தடைப்பட்டது. மீன்பிடித் தொழிலிலும் வனப் பொருள்களிலும் ஜப்பான் விட்டுக்கொடுக்க மறுத்ததே காரணம். தன் மீனவனும் உழவனும் கண்முன் நிற்கும்போது எந்தத் தலைவனுக்கும் கை நடுங்கவே செய்யும்.

ஆக்லாந்தில் நேர்ந்த திருப்பம்

பாதுகாப்புப் பற்றிப் பேசுவதில்லை என்பது ஏபெக்கின் எழுதாத விதி. அவ்விதி 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தளர்ந்தது.

போர்ச்சுகலின் குடியேற்ற நாடாயிருந்த கிழக்குத் திமோரை 1975ஆம் ஆண்டு இந்தோனேசியா படையெடுத்துக் கைப்பற்றியது. 1999 ஆகஸ்டு 30ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொறுப்பில் அங்கு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையின் பக்கம் நின்றனர். முடிவு வெளியானதும் இந்தோனேசியப் படையின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுவினர் ஊர்களுக்குத் தீ வைத்தனர். மக்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்தனர்.

அவ்வேளையில் ஏபெக் மாநாட்டுக்காக அமைச்சர்களும் தலைவர்களும் ஆக்லாந்தில் குழுமிக்கொண்டிருந்தனர். நிகழ்ச்சி நிரலில் திமோர் இல்லை. எனினும் நியூசிலாந்தின் அழைப்பில், மாநாட்டுக்குப் புறம்பான தனிக்கூட்டமாக அயலுறவு அமைச்சர்கள் கூடினர். இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் ஹபீபி ஆக்லாந்துக்கு வரவில்லை. அமெரிக்கா இந்தோனேசியாவுடனான படைத்துறை உறவைத் துண்டித்தது. செப்டம்பர் 12ஆம் நாள் பன்னாட்டு அமைதிப்படையை ஏற்பதாக ஹபீபி அறிவித்தார். 15ஆம் நாள் பாதுகாப்பு அவை இசைவளித்தது. 20ஆம் நாள் படை திலி நகரில் இறங்கியது. ஆஸ்திரேலியா தலைமை தாங்க, துணைத் தளபதிப் பொறுப்பைத் தாய்லாந்து ஏற்றது.

இதனை ஏபெக்கின் வெற்றி என்று முழங்குதல் மிகையாகும். ஐக்கிய நாடுகள் அமைப்பு இல்லையேல் படை இல்லை. நிதி நெருக்கடியில் நலிந்திருந்த இந்தோனேசியாவுக்குப் பொருளுதவி நின்றுவிடுமோ என்ற அச்சமும் உடன் இருந்தது. ஆனால், உரிய வேளையில் உரியவர்கள் ஓரிடத்தில் இருந்தனர் என்பதே இங்குப் பெரிது. வணிகத்துக்காகக் கட்டிய மண்டபம், உயிர் காக்கும் பேச்சுக்கும் இடம் தந்தது.

அடுத்த இரண்டாண்டுகளில், 2001 அக்டோபரில், ஷாங்காயில் கூடிய தலைவர்கள் பயங்கரவாதத்திற்கு எதிராக வெளிப்படையான அறிக்கையே வெளியிட்டனர். எழுதாத விதி அத்துடன் பெரிதும் மாறிப்போயிற்று.

மலாக்கா நீரிணை தரும் பாடம்

மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே, அலைமேல் கண்ட ஒத்துழைப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுதல் தகும். மலாக்கா நீரிணை சிங்கப்பூருக்கருகில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகுகிறது. கிழக்காசியாவுக்குச் செல்லும் எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பாலானவை இவ்வழியே செல்கின்றன. கடற்கொள்ளை மிகுந்தபோது, 2004ஆம் ஆண்டு இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த சுற்றுக்காவலைத் தொடங்கின. ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் எல்லைக்குள் காவல் புரியும். செய்தியை மட்டும் பகிர்ந்துகொள்ளும். வெளி வல்லரசின் படை இங்கு வேண்டா என்பதில் இந்தோனேசியாவும் மலேசியாவும் உறுதியாய் இருந்தன.

2005 சூனில் இலண்டன் காப்புறுதிச் சந்தையினர் இந்நீரிணையைப் போர் இடர் மிகுந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தனர். காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தால் சரக்கின் விலை உயரும். அச்சுமை இறுதியில் ஏழையின் தலையிலேயே இறங்கும். அதே ஆண்டு வான்வழிக் கண்காணிப்பும் தொடங்கியது. 2006 ஆகஸ்டில் அப்பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2008இல் தாய்லாந்தும் காவலில் சேர்ந்தது. இறையாண்மையை விட்டுக்கொடாமலே ஒத்துழைக்க இயலும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

நிறையும் குறையும்

குறைகளை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. ஒருமித்த கருத்து இருந்தாலன்றி எதுவும் நிறைவேறாது என்னும் முறை, வல்லரசுகள் மோதும்போது செயலற்று நிற்கிறது. 2018ஆம் ஆண்டு பப்புவா நியூகினியின் போர்ட் மோர்சுபியில், அமெரிக்காவும் சீனாவும் வணிகத்தைப் பற்றி முரண்பட்டமையால், தலைவர்களின் கூட்டறிக்கை முதன்முறையாக வெளிவராமலே போயிற்று. பிணைக்கும் ஒப்பந்தங்களை நாடியவர்கள் வேறு வழி சென்றனர். பதினைந்து நாடுகள் 2020 நவம்பரில் கையொப்பமிட்ட வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை அவ்வாறு எழுந்தது.

இந்தியாவின் நிலையையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1991ஆம் ஆண்டிலேயே ஏபெக்கில் சேர விழைந்த இந்தியா இன்றுவரை உறுப்பினர் அன்று. 2019இல் மேற்கூறிய கூட்டாண்மையிலிருந்தும் அது விலகிக்கொண்டது. மலிவான இறக்குமதி நம் பால் உற்பத்தியாளரையும் சிறுதொழிலாளரையும் நலிவிக்கும் என்பது விலகலை ஆதரித்தோர் கூற்று. உலகச் சந்தையின் வாயிலை நாமே அடைத்துக்கொள்கிறோம் என்பது மறுத்தோர் கூற்று. இரண்டிலும் உண்மை உண்டு. மாணவர்கள் இரு தரப்பையும் எடைபோட்டுத் தெளிதல் வேண்டும்.

நிறைவாக

1999இல் எரிந்துகொண்டிருந்த கிழக்குத் திமோர் 2002ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. 2025 அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் அந்நாடு ஆசியானின் பதினோராம் உறுப்பினராக ஏற்கப்பட்டது. முன்பு அதனை ஆண்ட இந்தோனேசியாவும் அதனை வரவேற்ற அவையில் ஒன்று. ஒரு தலைமுறைக் காலத்தில் பகை இவ்வாறு உறவாயிற்று.

ஆயினும் அதே ஆண்டு சூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாள்கள் போரிட்டன. ஆசியானின் தலைமைப் பொறுப்பிலிருந்த மலேசியா இருவரையும் அழைத்துப் பேசிப் போர்நிறுத்தம் கண்டது. திசம்பரில் மீண்டும் துப்பாக்கிகள் முழங்கின. கூட்டுறவு ஒருமுறை கட்டி முடித்துவிடும் கோட்டையன்று என்பது இதனால் விளங்கும். அது கண்மாய்க் கரை போன்றது. ஆண்டுதோறும் மண்ணிட்டுப் பேணாவிடில் முதல் வெள்ளத்திலேயே உடையும்.

உடைந்த இடத்தில் மீண்டும் மண் சுமப்பவர்களே அமைதியைக் காப்பவர்கள். அவர்கள் மாநாட்டுத் தலைவர்கள் மட்டும் அல்லர். அண்டை வீட்டாரோடு பிணக்கு நேர்ந்தபோது பேச்சை நிறுத்திவிடாத ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவரே.