காற்றுக்கு எட்டாத ஆழம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்றொரு ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயல், மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் வானம். 54ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகும். சுமார் 1,500 பேர் வாழ்ந்த அந்த ஊரின் பெருமை ஒரு கிணறு. 1887-88இல் ஆட்கள் உள்ளே இறங்கிக் கையால் வெட்டியது. ஆழம் 109 அடி, அகலம் 32 அடி. கையால் வெட்டிய கிணறுகளில் உலகிலேயே பெரியது என்று விளம்பரப்படுத்தி, நெடுஞ்சாலையில் போகிறவர்களை நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு உள்ளே இறக்கிக் காட்டுவார்கள். கோவைப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டத்தைக் கேட்டால் லேசாகச் சிரிப்பு வரும். போகட்டும்.

2007 மே 4, வெள்ளிக்கிழமை இரவு 9.45 மணியளவில் அந்த ஊருக்குள் ஒரு சுழற்காற்று நுழைந்தது. அதன் அகலம் 2.7 கிலோமீட்டர். ஊரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். துடைப்பத்தை வைத்து ஒரே இழுப்பில் முற்றத்தைக் கூட்டியதைப் போல, சில நிமிடங்களில் ஊரில் 95 விழுக்காடு போய்விட்டது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, நகராட்சிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி எதுவும் மிஞ்சவில்லை. நிமிர்ந்து நின்ற சிலவற்றில் ஒன்று, தானியம் சேமிக்கும் கான்கிரீட் குதிர். இரவு முழுக்க இருட்டு. விடிந்த பிறகுதான் தங்கள் தெரு எங்கே இருந்தது என்பதையே மக்கள் தேட வேண்டியிருந்தது. மரங்கள் நின்றன, ஆனால் கிளையும் பட்டையும் உரிக்கப்பட்ட மொட்டைக் கம்பங்களாக.

இறந்தவர்கள் 11 பேர்.

ஓர் ஊரே இல்லாமல் போன இரவில் இந்த எண்ணிக்கை ஏன் நூறுகளைத் தொடவில்லை என்பதுதான் கிரீன்ஸ்பர்க் கதையில் விளக்கம் கேட்கும் பகுதி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்ச் செய்திகளில் இதையும் 'சூறாவளி' என்றே எழுதுகிறோம். இலங்கையில் 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்த வெப்பமண்டலப் புயலுக்கும் சூறாவளி என்றுதான் பெயர். இரண்டும் வேறு வேறு. புயல் கடலில் பிறக்கும், பல நூறு கிலோமீட்டர் பரந்திருக்கும், கரைக்கு வர நாட்கள் எடுக்கும். அதற்குள் நாம் பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, பள்ளிக்கு விடுமுறையும் விட்டுவிடுகிறோம். அமெரிக்கர்கள் டொர்னாடோ என்று சொல்லும் சுழற்காற்று இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தும்பிக்கையைப் போலத் தரைக்கு இறங்குவது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். கோடையில் பொட்டல் காட்டில் சருகைச் சுழற்றி ஓடும் பேய்க்காற்றோடு இதை ஒப்பிடுவதும் சரியல்ல. பேய்க்காற்று சுட்ட மண்ணிலிருந்து மேலே எழும்புவது. அதற்கு மேகமே தேவையில்லை.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 சுழற்காற்றுகள் பதிவாகின்றன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. காரணம் நில அமைப்பு. தெற்கே மெக்சிகோ வளைகுடா. வசந்தத்தில் அங்கிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வடக்கே ஏறி வருகிறது. தென்மேற்கின் பாலைநிலத்திலிருந்து வறண்ட காற்று வருகிறது. மேற்கே ராக்கி மலைத்தொடரைத் தாண்டி, உயரத்தில் குளிர்காற்று வேகமாக ஓடுகிறது. இந்த மூன்றும் சந்திக்கும் சமவெளியில் குறுக்கே தடுக்க ஒரு குன்றுகூட இல்லை.

ஈரக்காற்றின்மேல் பல நாட்களில் ஒரு சூடான அடுக்கு படிந்து நிற்கும். கொதிக்கும் உலைமேல் கனமான தட்டு வைத்ததைப் போல. பகல் முழுக்க அடியில் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி கிடைக்காது. மாலையில் எங்காவது ஓரிடத்தில் தட்டு தூக்கிக்கொண்டால், அவ்வளவு ஈரமும் அந்த வழியாகப் பீறிட்டு 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக எழும். அந்த நேரத்தில் தரையோரக் காற்று ஒரு திசையில் மெதுவாகவும், மேற்காற்று வேறொரு திசையில் வேகமாகவும் வீசினால், இடையிலுள்ள காற்று உள்ளங்கைகளுக்கு நடுவே திரியைத் திரிப்பது போல உருளத் தொடங்குகிறது. படுக்கையாக உருளும் அந்தச் சுருளை மேலேறும் காற்று தூக்கி நிமிர்த்திவிடும். மேகமே சுழல ஆரம்பிக்கும். இப்படிச் சுழலும் பேரிடிமேகத்துக்கு 'சூப்பர்செல்' என்று பெயர். இவற்றில் ஒரு சிறு பங்குதான் தும்பிக்கையை இறக்குகின்றன. எது இறக்கும், எது சும்மா மழையும் ஆலங்கட்டியும் கொட்டிவிட்டுக் கலையும் என்பது இன்றும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாத புதிர்.

கிரீன்ஸ்பர்க்கில் இருட்டிய பிறகு வந்ததற்கும் காரணம் உண்டு. சமவெளியில் சூரியன் மறைந்ததும் தரை குளிர்கிறது. பகலில் மேலும் கீழும் கிளறிக்கொண்டிருந்த காற்று அடங்குகிறது. தரையின் உராய்விலிருந்து விடுபட்டு, சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று திடீரென்று வேகம் பிடிக்கிறது. அன்று மாலை மேகத்துக்குத் தீனியும் சுழலும் இப்படி ஒருசேரக் கூடின. இரவு ஒன்பது மணியளவில் ஊருக்குத் தென்மேற்கே தரையைத் தொட்ட சுழற்காற்று ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏறத்தாழ 46 கிலோமீட்டர் ஓடியது. புயலைத் துரத்திப் படமெடுக்கும் ஆட்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அது மின்னல் வெட்டும் நொடியில் மட்டுமே தெரிந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் அகலம் கூடியிருந்தது.

அதன் காற்று வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று கணித்தார்கள். அளந்தார்கள் என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. சுழற்காற்றின் வயிற்றுக்குள் கருவியை வைத்து அளப்பது அரிது. அது போன பிறகு என்ன உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்துத்தான் வேகத்தைச் சொல்கிறார்கள். இந்த முறையை 1971இல் வகுத்தவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானில் இளம் ஆசிரியராக இருந்தபோது ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்த பிறகு இடிபாடுகளை நேரில் ஆராய்ந்தவர். விழுந்து கிடப்பதன் திசையைப் பார்த்து, வீழ்த்தியது எப்படி வந்தது என்று படிக்கும் கண் அவருக்கு அங்கேதான் வாய்த்தது. அவருடைய அளவுகோலைத் திருத்தி, 28 வகைக் கட்டடங்களையும் மரங்களையும் ஒப்புநோக்கும் புதிய அளவுகோலை அமெரிக்கா 2007 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் உச்சப் படியான 'இ.எஃப்.5' முத்திரையை முதன்முதலில் பெற்றது, மூன்று மாதம் கழித்து வந்த கிரீன்ஸ்பர்க் சுழற்காற்றுதான்.

இப்போது அந்த 11க்கு வருவோம்.

சுழற்காற்று நுழைவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் முன்பே ஊரில் அபாயச் சங்கு ஒலித்தது. மேற்கே டாட்ஜ் சிட்டியில் உள்ள வானிலை அலுவலகம் ரேடாரில் மேகம் கொக்கிபோல வளைந்திருப்பதைப் பார்த்து எச்சரிக்கை விடுத்தது. பிறகு அதைவிடக் கடுமையான 'டொர்னாடோ எமர்ஜென்சி' அறிவிப்பையும் வெளியிட்டது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமா நகரை நோக்கி ஒரு பெரும் சுழற்காற்று வந்தபோது, வழக்கமான வாசகம் போதாது என்று அங்கிருந்த முன்னறிவிப்பாளர்கள் அவசரத்தில் உருவாக்கிய சொல் அது. மக்கள் பீதியடைவார்கள் என்று 'டொர்னாடோ' என்ற சொல்லையே முன்னறிவிப்பில் எழுதக் கூடாது என 1950 வரை அமெரிக்க வானிலைத் துறை தவிர்த்து வந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தயக்கத்தை உடைத்தவர்கள் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு விமானப்படை அதிகாரிகள். 1948 மார்ச்சில் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கியது. ஐந்தே நாள் கழித்து வானிலை அச்சாக அதேபோல இருப்பதைக் கண்ட இருவரும் துணிந்து எச்சரித்தார்கள். அன்று மாலை மறுபடி அதே தளத்துக்கு வந்தது. விமானங்களை முன்பே பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

சங்கு ஒலித்தால் மட்டும் போதாது, ஓடி ஒளிய இடம் வேண்டும். கிரீன்ஸ்பர்க்கில் பல வீடுகளுக்கு நிலவறை இருந்தது. நம் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது தரைக்கு மேலே எழுப்பும் மேடையை. அவர்கள் ஊர் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே தோண்டுவது. கான்சஸ் குளிரில் மண் உறைந்து புடைக்கும் ஆழத்துக்கும் கீழே அடித்தளம் போக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. துணி துவைக்கும் இயந்திரமும் பழைய சாமான்களும் கிடக்கும் அந்த அறையில்தான் அன்றிரவு ஊர் உயிர்பிழைத்தது. தலைக்கு மேலே வீடு பெயர்ந்து போவதைக் கேட்டுக்கொண்டே.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்கும் கேள்வி, 'ஏன் மரத்தில் வீடு கட்டுகிறார்கள்? செங்கல்லில் கட்டினால் என்ன?' என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் காற்று சுவரை உடைப்பதற்கு முன் கூரையைப் பெயர்க்கிறது. கூரை போனால் சுவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. தனிச் செங்கல் சுவர் அந்த வேகத்தில் சரிந்து விழும், அதன் அடியில் ஆள் இருந்தால் மரச்சுவரைவிட மோசம். இ.எஃப்.5ஐத் தாங்கும்படி முழு வீட்டையும் கட்ட முடியும். அத்தகைய காற்று நூற்றில் ஒன்றுகூட இல்லை என்னும்போது அந்தச் செலவை யார் செய்வார்கள்? வீடு போகட்டும், ஓர் அறை மட்டும் நிற்கட்டும் என்பதுதான் அங்கே நடைமுறைக் கணக்கு. மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் பாதுகாப்பு அறைக்கு அரசே அளவுமுறை வகுத்திருக்கிறது. நிலவறையோ அடித்தளமோ இல்லாத நகரும் வீடுகளில் வாழும் ஏழைகளுக்குத்தான் இந்தக் கணக்கில் இடமில்லை. அமெரிக்காவில் சுழற்காற்றுச் சாவுகளில் மிகப் பெரும் பங்கு அவர்களுடையது.

நிலவறையும் எச்சரிக்கையும் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. வங்கக் கடலின் ஈரம், வடமேற்கின் வறண்ட வெப்பம், மேலே இமயத்தை ஒட்டி ஓடும் வேகக் காற்று என்று கான்சஸின் அதே சேர்மானம் அங்கேயும் வசந்தத்தில் கூடுகிறது. 1989 ஏப்ரல் 26 அன்று மானிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் சுமார் 1,300 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். உலகில் அறியப்பட்டவற்றில் மிகக் கொடிய சுழற்காற்று அதுதான்.

கிரீன்ஸ்பர்க்கின் மறுபிறப்பு உலகப் பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை. 'கிரீன்' என்று பெயரிலேயே இருக்கிறது. பசுமை நகரமாகவே கட்டிவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். (பெயர் பசுமையால் வந்ததல்ல. கிரீன் என்ற குதிரைவண்டிக்காரர் பெயரால் வந்தது.) 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடங்கள் எல்லாம் பசுமைக் கட்டடத்துக்கான 'லீட் பிளாட்டினம்' தரத்தில் அமைய வேண்டும் என்று 2007 இறுதியில் தீர்மானம் போட்டார்கள். அப்படித் தீர்மானித்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். மருத்துவமனையும் பள்ளியும் அவ்வாறே எழுந்தன. தெருவிளக்குகள் முழுவதும் எல்.இ.டி. ஊரை அழித்த அதே காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட். அவற்றைச் செய்தது இந்தியாவின் சுஸ்லான் நிறுவனம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்களுக்குப் பழக்கமான பெயர்.

இதையெல்லாம் வெற்றிக் கதையாக எழுதி முடித்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கு அப்படி முடிக்க விடாது. 2000இல் 1,574 பேர். 2010இல் 777. 2020இல் 740. காற்றைக் குறை சொல்வதும் முழு உண்மையாகாது. இளைஞர்கள் படித்துவிட்டு வெளியூர் போவதும், பண்ணைகள் பெரிதாகி ஆட்கள் குறைவதும், கடைகள் மூடுவதும் சமவெளி ஊர்கள் பலவற்றில் பல பத்தாண்டுகளாக நடந்துவருபவை. கிரீன்ஸ்பர்க்கும் 2007க்கு முன்பே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு தலைமுறையில் நடந்திருக்கக்கூடிய தேய்வைக் காற்று ஓர் இரவில் நடத்திவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. முதியவர்களுக்குப் பழைய வீட்டுக்குக் கிடைத்த காப்பீட்டுப் பணம் புதிய வீடு கட்டப் போதுமா என்பது பிளாட்டினத் தரத்தைவிடப் பெரிய கேள்வியாக இருந்திருக்கும்.

கிணற்றுக்கு என்ன ஆயிற்று? மேலே இருந்த அருங்காட்சியகம் நொறுங்கியது. அங்கே வைத்திருந்த சுமார் 450 கிலோ எடையுள்ள விண்கல்லைக் காணவில்லை என்று முதலில் ஒரே பரபரப்பு. என்றோ வானத்திலிருந்து விழுந்து, 1949இல் பக்கத்து நிலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட கல் அது. பிறகு இடிந்த சுவருக்கு அடியிலேயே கிடைத்தது. கிணற்றுக்கு ஒன்றுமில்லை. 109 அடி அப்படியே இருந்தது. 2012இல் அதன்மேல் வட்டமான புதிய அருங்காட்சியகம் கட்டினார்கள். விண்கல்லும் அந்த இரவின் நினைவுப் பொருட்களும் மேலே இருக்கின்றன. நடுவில் ஒரு சுழல் படிக்கட்டு கிணற்றுக்குள் இறங்குகிறது.