இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ்: மலையேறும் வணிகர்கள் அறிய வேண்டியவை

சரக்குக்கு வேன், வசூலுக்கும் கொள்முதல் பேசவும் கார் என்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ் பேசி முடிக்க ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர் ஏறுகிறவர்களும், கடைக்குச் சரக்கு எடுக்க மேலேயிருந்து இறங்குகிறவர்களும் இன்று காரில்தான் போய் வருகிறார்கள். அந்தக் கார்களில் இடது காலுக்கு வேலையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகி வருகின்றன. ஓட்டச் சுகமானவைதான். பழுது வந்தால் எங்கே பழுது என்று தெரியாமல் பெருந்தொகையை இழப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். வடகாடு தாண்டிப் பாச்சலூர் ஏற்றத்தில் சிமெண்டு லாரி ஒன்றின் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்து போனார். பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைச் சரிவில் நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். கருகிய வாடை வந்தது, எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் வண்டி கியரே எடுக்கவில்லை. கொண்டுபோன பணிமனையில், கியர் பாக்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டி ஒரு தொகை சொன்னார்கள். நண்பர் இன்னொருவரிடம் காட்டினார். அவர் முதலில் பார்த்தது பேட்டரியை. பேட்டரி ஓய்ந்து போயிருந்தது. அதை மாற்றி, கணினியில் கிளட்ச் அளவுகளைப் புதிதாகப் பதிய வைத்ததும் வண்டி ஓடியது. ஆனால் கிளட்ச் தகடுகள் ஏற்றத்தில் பாதி தேய்ந்துவிட்டன என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். ஒரே வண்டியில் இரண்டு கோளாறுகள் இருந்தன. இரண்டுக்கும் தேவைப்படாதது புது கியர் பாக்ஸ்.

இது எப்படி வேலை செய்கிறது?

நெரிசல் நேரத்தில் நம் கடையை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆள் இருந்தால் எடை போட்டு, கட்டி, காசு வாங்கிய பிறகே அடுத்தவரைக் கவனிக்க முடியும். இரண்டு ஆள் இருந்தால் முதல்வர் காசு வாங்கும்போதே இரண்டாமவர் அடுத்த பொட்டலத்தைக் கட்டி வைத்திருப்பார். இரட்டைக் கிளட்ச் இதைத்தான் செய்கிறது. 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும், 2, 4, 6 ஆகிய இரட்டைப்படை கியர்கள் மற்றொரு கிளட்சிலும் இருக்கும். வண்டி மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்கும். அதனால்தான் கியர் மாறுவது தெரிவதில்லை.

பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-லேயே இந்த யோசனையை வகுத்தார். 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் இதை ஓட்டிப் பார்த்தது. 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2013-ல் போலோ ஜிடி, 2019-ல் ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ், 2022-ல் டாடா ஆல்ட்ராஸ் என்று நடுத்தர விலைக் கார்களுக்கும் வந்துவிட்டது.

இதில் இரு வகை உண்டு. காற்றில் குளிரும் உலர் கிளட்ச் ஒன்று, எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈர கிளட்ச் மற்றொன்று. வென்யூவில் வந்தது உலர் வகை. ஆல்ட்ராஸில் வந்தது ஈர வகை. ஈர வகை சூட்டை அதிகம் தாங்கும். உலர் வகை மெதுவான ஏற்றத்தில் சீக்கிரம் சூடேறும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை இன்றே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் எல்லாம் இரட்டைக் கிளட்ச் அல்ல. ஒரே கிளட்சை மோட்டார் இயக்கும் ஏ.எம்.டி., பெல்ட்டில் ஓடும் சி.வி.டி., எண்ணெய் வழியே விசை கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆகியவை வேறு. கீழே சொல்பவை முழுதும் இரட்டைக் கிளட்சுக்கே பொருந்தும்.

அறிகுறியும் காரணமும்

1. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும் வண்டி நடுங்கினால், கிளட்ச் தகடு தேய்ந்தோ, சூட்டில் பளபளப்பேறியோ, எண்ணெய் பட்டோ இருக்கலாம். கிளட்ச் பிடிக்கும் அளவு கணினியில் தவறிப் போனாலும் நடுங்கும். இன்ஜின் மவுண்டிங், ஸ்பார்க் பிளக் கோளாறும் இதே நடுக்கத்தைத் தரும். அவற்றை விலக்கிவிட்டுத்தான் கிளட்சைக் கழற்ற வேண்டும்.

2. ஒற்றைப்படை கியர்கள் மட்டும் வந்து மற்றவை வராவிட்டால், ஒரு பக்கத்துக் கிளட்ச், அதை இயக்கும் மோட்டார் அல்லது வால்வு, கியர் நகர்த்தும் கவை இவற்றில் ஒன்றில் கோளாறு. சில வண்டிகளில் ரிவர்ஸ் கியர் இரட்டைப்படைப் பக்கம் இருப்பதால் அதுவும் வராது. மலைச் சாலையில் பின்னுக்கு எடுக்க முடியாத வண்டி ஆபத்தானது. அந்நிலையில் மேலே ஏறாதீர்கள்.

3. இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளச் சாலையில் வண்டியைக் கைமுறைக்கு மாற்றி, நான்காம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பாருங்கள். பிறகு ஐந்தில் பாருங்கள். ஒன்றில் மட்டும் வழுக்கினால் அந்தப் பக்கத்துக் கிளட்ச்தான் தேய்ந்தது.

4. கியர் எழுத்து மின்னி, வண்டி நகராவிட்டால் பேட்டரி, வயரிங், உணர்கருவி, எண்ணெய் அழுத்தப் பம்ப், கணினிப் பெட்டி இவற்றில் எதுவும் இருக்கலாம். விலை குறைந்ததிலிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும்.

5. இன்ஜின் சும்மா ஓடும்போது கடகடவென்ற சத்தம் வந்தால், பல வண்டிகளில் அது இரட்டைப் பளு ஃபிளைவீலின் தேய்மானம். வேகத்தோடு கூடும் உறுமல் என்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் வரிசை

முதலாவது பேட்டரி. இரவு முழுதும் நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழ் என்றால் பாதி காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். எர்த் வயரின் இணைப்பில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் தொகை சொல்பவரை நம்ப வேண்டாம்.

இரண்டாவது ஸ்கேனர். கோளாறு எண்களைத் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். பி-0700 என்ற எண் கியர் பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு என்ற பொது அறிவிப்பு மட்டுமே. அதை வைத்து எந்த உறுப்பையும் மாற்றக் கூடாது. கியர் பாக்ஸ் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் எண்களையும் படிக்க வேண்டும். யு-0101 என்பது அந்தக் கணினியோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். வயரும் மின்னழுத்தமும் முதலில் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது ஓட்டச் சோதனை. ஸ்கேனரை மாட்டியபடியே ஓட்டி, இரு கிளட்சுகளின் சூடு, தேய்மான அளவு, பிடிக்கும் புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். கியர் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை மூன்றும்.

பழுது பார்க்கும்போது

கம்பெனி புது மென்பொருள் வெளியிட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில நடுக்கங்கள் அதிலேயே தீரும். உலர் கிளட்ச் மாற்றினால் அதோடு தள்ளு பேரிங்கும் கவைகளும் சேர்த்து மாற்றுவது நல்லது. இதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கழற்ற விடாதீர்கள். கிளட்ச் மாற்றிய பிறகு கணினிக்குப் புது அளவுகளைப் பதிய வைத்து ஓட்டிக் காட்டவில்லை என்றால் வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கம்பெனி சொன்ன ரகத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. 2013-ல் ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏழு கியர் பெட்டியில் இருந்த செயற்கை எண்ணெய் மின் கோளாறுக்கு வழி செய்ததுதான் காரணம். கனிம எண்ணெய் மாற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். உயர்ந்த ரகம் என்று விலை கூடுதலாகக் கொடுத்து வாங்குவது எப்போதும் பொருத்தமாக இருக்காது என்பதற்கு இது சான்று. ஈர வகையில் எண்ணெயும் ஃபில்டரும் குறித்த கிலோமீட்டரில் மாற்றப்பட வேண்டும்.

மலைப் பாதையில் கைக்கொள்ள வேண்டியவை

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டரில் தாங்கி நிற்பது கிளட்சைத் தின்கிற பழக்கம். லாரி முன்னே ஊர்ந்தால் இடைவெளி விட்டு நின்று, கொஞ்ச தூரம் ஒரே மூச்சில் ஏறுங்கள். கைமுறைக்கு மாற்றித் தாழ்ந்த கியரில் ஓட்டுங்கள். இறக்கத்திலும் அப்படியே, பிரேக்கும் சூடேறாது.

சூட்டு எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான அகலத்தில் ஒதுக்கி, கைப் பிரேக் போட்டு, 'பி'-யில் வைத்து, இன்ஜினை அணைக்காமல் ஆற விடுங்கள். எச்சரிக்கை மறைந்த பிறகு புறப்படலாம். வண்டி நின்றே போனால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். முன் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர் பாக்ஸுக்கே கேடு. மேடை வண்டியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். மூட்டைச் சுமை எப்போதும் சின்ன யானைக்குரியது. காரில் ஏற்றுவது மிச்சம் பிடிப்பதாகாது.

பணம் கொடுக்குமுன்

நாம் சரக்கு வாங்கும்போது பில்லும் எடையும் பார்க்கிறோம். பணிமனையிலும் அப்படியே பார்க்க வேண்டும். உறுப்பு வாரியாக மதிப்பீடு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கடையின் பெயரில் வாங்கிய வண்டி என்றால், அது வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதையும் நினைவிற் கொள்க. அடுத்த கார் வாங்கும்போது யார் பெயரில் வாங்குவது என்பதைக் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்வது நலம்.

நண்பரின் கார் இப்போதும் பாச்சலூர் ஏறுகிறது. அடுத்த சீசனுக்குள் கிளட்ச் மாற்றப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார். வோல்ட் மீட்டர் ஒன்றும் வாங்கிக் கல்லாப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். நம் உறுப்பினர்களும் அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.