மாற்றுச் சாவியும் ஒரே வளையத்தில்: அணுமின் நிலையத்தில் கேபிள் போடுவது எப்படி?

அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கியதும் அணுப்பிளவு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதுவரை நடந்த பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும். வெப்பமும் வந்துகொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் அது முழு வெப்பத்திறனில் ஆறேழு சதவீதம். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் ஏறக்குறைய 200 மெகாவாட் வெப்பம். நாள் செல்லச் செல்லக் குறையுமே தவிர, சட்டென்று நின்றுவிடாது.

அந்த வெப்பத்தை இறக்க நீர் ஓட வேண்டும். நீரை ஓட்டுவது பம்பு, பம்பை ஓட்டுவது மின்சாரம், அதைக் கொண்டுவருவது கேபிள். வால்வைத் திறக்கச் சொல்லும் கட்டளையும், உலையில் நீர்மட்டம் எவ்வளவு என்ற செய்தியும் கேபிளில்தான் போய் வருகின்றன.

இதனால் முக்கியமான கருவி ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். ஒரு பம்பு நின்றால் இன்னொன்று, அதற்குத் தனி மின்வழி, தனி டீசல் ஜெனரேட்டர். ஆனால் வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்து, இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டால் என்ன பயன்? இரண்டு பம்புகளின் கேபிள்களும் அவற்றைத் தாங்கிச் செல்லும் ஒரே தட்டில் ஓடினால் நிலைமை அதுதான்.

ஒரு மெழுகுவத்தி

இதை உலகுக்குப் புரியவைத்த இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். நாள் 1975 மார்ச் 22. முதல் இரண்டு உலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. உலைக் கட்டடத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாது. அதற்காக, கேபிள்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த விதம்: எரியும் மெழுகுவத்தியைத் துளையருகே பிடிப்பது. சுடர் சாய்ந்தால் கசிவு உண்டு. துளையை அடைக்க அவர்கள் வைத்திருந்ததோ எளிதில் பற்றிக்கொள்ளும் பாலியூரிதேன் நுரை.

உள்ளே இழுத்த காற்று சுடரையும் சேர்த்து இழுத்தது. நுரை பற்றியது, தீ சுவருக்கு அப்பால் போய்க் கேபிள் தட்டுகளில் ஏறியது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் அடிக்கத் தயங்கிப் பல மணி நேரம் கரியமில வாயுவையும் தீயணைப்புத் தூளையும் நம்பினார்கள். கடைசியில் தண்ணீரைப் பயன்படுத்திய பிறகு தீ விரைவில் அடங்கியது.

கருகியவை 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள். அவற்றில் 600-க்கும் மேற்பட்டவை பாதுகாப்புக்கானவை. தீ ஒரு கேபிளை அறுப்பதோடு நிற்காது. காப்புறை உருகியதும் பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, யாரும் தராத கட்டளைகள் பிறக்கும். அன்று கட்டுப்பாட்டு அறையில் பம்புகள் தாமாக ஓடின, விளக்குகள் பொருளில்லாமல் எரிந்தன. முதல் உலையில் அவசரக் குளிரூட்டலுக்கென்று இருந்த அமைப்புகள் கைவிட்டன. வேறு வேலைக்கென்று இருந்த பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தி இயக்குநர்கள் உலையைக் காப்பாற்றினார்கள். கதிரியக்கக் கசிவு நேரவில்லை.

பிரித்துப் போடு

அமெரிக்க அணுசக்தி ஒழுங்காற்று ஆணையம் 1980-இல் கொண்டுவந்த தீப்பாதுகாப்பு விதிகள் இந்தத் தீயின் பாடங்கள். ஒரே வேலைக்கான இரண்டு கேபிள் வழிகள் ஒரே தீயில் சிக்கும்படி இருக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். அதற்கு மூன்று வழிகளைச் சொன்னார்கள். நடுவே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு எழுப்பலாம். அல்லது இரண்டுக்கும் இடையே 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் இடைவெளி விட்டு, அதில் எரியும் பொருள் எதுவும் இல்லாமல் வைத்து, தீயறியும் கருவியும் தானாக அணைக்கும் ஏற்பாடும் பொருத்தலாம். அல்லது ஒரு வழியை ஒரு மணி நேரம் தாங்கும் உறையால் மூடி, அதே கருவிகளை வைக்கலாம்.

சுவர்த் துளைகளுக்கும் கணக்கு உண்டு. மூன்று மணி நேரம் தாங்கும் சுவரில், கேபிள் போகும் துளையின் அடைப்பும் மூன்று மணி நேரம் தாங்க வேண்டும். துளை திறந்திருந்தால் சுவர் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

கேபிளும் கையும்

அடுத்தது கேபிளின் தரம். பி.வி.சி. உறை எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மூச்சை அடைப்பதோடு, தீ தொடாத பேனல்களையும் அரித்துவிடும். ஆகவே தீ பரவவிடாத, புகை குறைந்த வகைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உலைக் கூண்டுக்குள் போகும் கேபிளுக்கு இதுவும் போதாது. பல ஆண்டுகள் வெப்பத்திலும் கதிர்வீச்சிலும் கிடந்த பிறகு, விபத்து நாளில் பீறிடும் நீராவியிலும் அது வேலை செய்ய வேண்டும். அதனால் மாதிரிக் கேபிளைச் செயற்கையாக முதுமையடையச் செய்து, கதிர்வீச்சில் வைத்து, நீராவியில் சோதித்த பிறகே ஏற்கிறார்கள்.

நல்ல கேபிளையும் போடும்போது கெடுத்துவிடலாம். அளவுக்கு மீறி இழுத்தால் உள்ளே கம்பி நீளும். குறுகலாக வளைத்தால் காப்புறையில் விரிசல் விழும். அன்று தெரியாது, பத்து ஆண்டு கழித்துத் தெரியும். எனவே இழுக்கும் விசையை அளக்கிறார்கள். வளைவு கேபிளின் விட்டத்துக்கு இத்தனை மடங்குக்குக் குறையக் கூடாது என்ற தயாரிப்பாளரின் வரம்பைக் காக்கிறார்கள். தட்டில் அளவுக்கு மேல் அடுக்கினால் வெப்பம் வெளியேறாது. பவர் கேபிளைச் சிக்னல் கேபிளோடு ஒட்டிப் போட்டால் சிக்னலில் இரைச்சல் ஏறும். இரண்டு முனையிலும் எண் பொறித்த அடையாளம், பிறகு மெக்கர் என்ற கருவியை வைத்துக் காப்புத்தடை சோதனை. ஓடும் நிலையத்தில் வேலை என்றால் முதலில் இணைப்பைத் துண்டித்து, பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்து, எர்த் செய்த பிறகே கை வைக்கலாம். வெல்டிங் போன்ற நெருப்பு வேலைக்குத் தனி அனுமதிச் சீட்டும் காவலுக்கு ஓர் ஆளும் வேண்டும்.

நரோராவில் நடந்தது

இது அமெரிக்காவோடு முடிந்த கதையல்ல. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் முதல் உலையின் டர்பைன் இறக்கைகள் உடைந்தன. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களின் வழியே பரவியது. போதிய தடுப்பின்றிச் சேர்ந்து ஓடிய கேபிள்கள் எரிந்ததால், மாற்று மின்வழிகளும் ஒன்றாகவே போயின. புகை சூழ்ந்து கட்டுப்பாட்டு அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளே நீராவிக் கலன்களுக்கு நீர் ஊட்டி உலையைக் குளிர்வித்தன. அந்தப் பம்புகளுக்கு எரிந்த கேபிள்கள் தேவைப்படவில்லை. அங்கேயும் கதிரியக்கம் வெளியேறவில்லை. அணு நிகழ்வுகளின் தீவிரத்தை மதிப்பிடும் சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் நிலை நிகழ்வாகப் பதிவானது.

தட்டுகளின் இடைவெளியைக் கட்டும்போதே அமைத்துவிடலாம். துளைகள் அப்படியல்ல. பின்னொரு நாள் புதிய கருவிக்காக ஒரே ஒரு கேபிளை நுழைக்க யாராவது பழைய அடைப்பைக் குடைவார்கள். கேபிள் இழுத்தாயிற்று, இணைத்தாயிற்று, கருவி ஓடுகிறது. ஆனாலும் அந்தத் துளையை உரிய பொருளால் அடைத்து, இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேலை முடிந்ததாக எழுதக் கூடாது.