இரும்புக்குச் சட்டை: பின்னலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பொதுவெளியில் நிற்கும் சிற்பத்துக்குக் கம்பளி நூலில் சட்டை பின்னிப் போடுவதை 'வேலையத்த வேலை' என்று தோழர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

1989 டிசம்பரில் ஆர்துரோ டி மோதிகா என்ற சிற்பி, மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வெண்கலக் காளையை அனுமதி எதுவும் இல்லாமல் நியூயார்க் பங்குச்சந்தையின் முன் இறக்கிவைத்தார். அது அகற்றப்பட்டது. ஆனால் சில நாட்களிலேயே பக்கத்துப் பூங்காவில் இடம் கொடுத்தார்கள். இன்று அது நகரின் அடையாளம். 2010 டிசம்பரில் ஓலெக் என்ற போலந்துப் பெண் கலைஞர், அந்தச் சிற்பிக்குச் செய்யும் மரியாதையாக, காளையின் முழு உடம்புக்கும் குரோஷா ஊசியால் சட்டை பின்னி மாட்டினார். அதற்கும் அனுமதி இல்லை. சில மணி நேரத்தில் பூங்காப் பராமரிப்பாளர் அதை அகற்றிவிட்டார். அனுமதியில்லாத வெண்கலம் நினைவுச்சின்னமாகிறது. அனுமதியில்லாத நூல் குப்பையாகிறது. ஒன்று 'கலை', மற்றது 'பொம்பளைங்க கைவேலை'. இந்தப் பிரிவினை பொருளின் இயல்பில் இல்லை. யாருடைய உழைப்பு கணக்கில் வருகிறது என்பதில் இருக்கிறது.

இன்னொரு நிகழ்வு இதைவிட முக்கியமானது. 2003 இராக் போரில் டென்மார்க் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டது. அதை எதிர்த்து மரியான் யோர்கன்சன் 2006 ஏப்ரலில், கோபன்ஹேகனில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து எம்.24 சாஃபி டாங்கி ஒன்றை இளஞ்சிவப்புப் பின்னலால் மூடினார். இதை ஒரே துணியாகப் பின்ன ஒரு ஆளால் மாளாது. அதனால் 15 சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் அவரவர் கைப்பழக்கப்படி பின்னி அனுப்பலாம். டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா எனப் பல இடங்களிலிருந்தும் 4000-க்கும் மேல் வந்து சேர்ந்தன. கணக்குப் போட்டால் சுமார் 90 சதுர மீட்டர். நெசவில் ஊடும் பாவும் இறுக்கிப் பிடிக்கும். பின்னலோ கண்ணிகளால் ஆனது, இழுத்த இழுப்புக்கு வரும். அதனால்தான் பீரங்கிக் குழாயின் உருளையிலும் உடம்பின் மேடுபள்ளங்களிலும் ஒட்டி உட்கார்கிறது.

"டாங்கிக்குப் பாவாடை கட்டினா போர் நின்னுடுமா?" என்று கேட்கலாம். நிற்கவில்லைதான். ஆனால் டாங்கி வெறும் ஆயுதமல்ல, பயத்தைப் பேசும் ஒரு மொழியும்கூட. அந்த மொழியைச் சில நாட்களாவது பின்னல் குழறவைத்தது. மேலும், தொழிற்சாலையில் வார்த்த இரும்பில் எந்தக் கையும் தெரிவதில்லை. இங்கே ஒரு சதுரம் இறுக்கம், அடுத்தது தொளதொள. இணைத்த தையல் வெளியே தெரிகிறது. போருக்கு எதிராக யார் யாரோ செலவழித்த மாலைப்பொழுதுகள் அவை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இதைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு கலைஞரின் பெயரே வருகிறது. உழைப்பு ஊருக்கு, பெயர் ஒருவருக்கு. தெருப் பின்னலை வணிக நிறுவனங்களும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ஊசியும் நூலும் தானாகக் கலகம் செய்துவிடாது. எதன்மீது போர்த்துகிறோம், யாரோடு சேர்ந்து பின்னுகிறோம், அந்தக் கைகளை எப்படிக் கணக்கில் எடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே நாம் விவாதிக்க வேண்டும்.