பொருளடக்கமும் கணினி அச்சுக்கோப்பும்

நூலுக்குப் பாயிரம் வாயில் எனின், அவ்வாயிலில் நின்று வழிகாட்டும் விளக்கு பொருளடக்கம் எனலாம். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் நுதலிய பொருளையும் ஒன்றாக நன்னூலார் எண்ணினார். அச்சு நூலில் அப்பணியின் ஒரு பகுதியைப் பொருளடக்கம் ஏற்றுக்கொண்டது.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டத்தில் 24, நுபுவ்வத்துக் காண்டத்தில் 21, ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47 என 92 படலங்களை உடையது. காஞ்சியில் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணமோ ஆறு காண்டங்களாக விரிவது. இத்தகைய பெருநூல்களுக்குப் பக்க எண்களைக் கையால் எழுதிச் சேர்ப்பின், இடையில் ஒரு பக்கம் கூடினும் பின்வரும் எண்கள் யாவும் பிறழும். ஒரு படலத்தைத் தேடும் மாணவன் வேறொரு படலத்தில் சென்று நிற்பான்.

இக்குறையைக் களையும் கருவிகளுள் ஒன்று லேடெக். டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையின் மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980களில் இதனை அமைத்தார். 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக், யூனிகோடு எழுத்துருக்களை நேரே கையாள வழிசெய்தது.

இதில் நூலாசிரியர் தலைப்பை எழுதி, இது காண்டம், இது படலம் என்று குறித்தால் போதும். முதல் ஓட்டத்தில் கணினி தலைப்புகளையும் பக்க எண்களையும் தனிக்கோப்பில் திரட்டுகிறது. அடுத்த ஓட்டத்தில் அக்கோப்பைப் படித்துப் பொருளடக்கத்தை அமைக்கிறது. பொருளடக்கமே பக்கங்களை நகர்த்திவிடுமாயின் மூன்றாம் ஓட்டமும் வேண்டும்.

தமிழுக்கேற்ப மாற்ற வேண்டியவை சில உள. முதலாவது, 'கண்டென்ட்ஸ்' என்னும் பெயருக்குப் 'பொருளடக்கம்' என ஆணையிடுதல். இரண்டாவது, ஆழம். 'டாக்டெப்த்' என்னும் அளவை நூல் வகுப்பில் 0 என வைத்தால் காண்டமும் படலமும் மட்டும் தோன்றும். 1 என வைத்தால் உட்பிரிவும் தோன்றும். மூன்றாவது, எண்ணுக்குரிய அகலம். 'படலம் 12' என்று எண்ணின்முன் சொல் சேர்த்தால் இயல்பான இடம் போதாது. தலைப்பின்மேல் எழுத்து ஏறிவிடும். 'டாக்லாஃப்ட்' என்னும் துணைத்தொகுப்பால் அவ்வகலத்தைக் கூட்டலாம். எண்வரை செல்லும் புள்ளிக்கோட்டையும் அமைக்கலாம். நெடிய தலைப்புக்குச் சதுர அடைப்பினுள் குறுந்தலைப்பு ஒன்று தந்தால், பொருளடக்கத்தில் அதுவே இடம்பெறும்.

காஞ்சி நெசவாளர்க்கு இந்நெறி புதிதன்று. ஜக்கார்டு அட்டையில் ஒருமுறை துளையிட்ட கோலம் எத்தனை சேலை நெய்தாலும் மாறாது வருகிறது. கோலத்தை மாற்ற விரும்புவோர் அட்டையை மாற்றுவர். அங்ஙனமே பொருளடக்கத்தின் அழகை வரிதோறும் திருத்தாது, விதியில் ஒருமுறை திருத்துவதே முறை.

ஆய்வேடும் மலரும் உருவாக்கும் மாணவர்கள் இதனைக் கற்றுக்கொள்வார்களாக. படிப்பவர் தேடும் பக்கத்தைப் பிழையின்றிக் காட்டுவது பதிப்பாளரின் அமானிதம்.